மாட்யூலர் லித்தியம் பேட்டரி பேக்: வடசென்னை வண்டிகளுக்கான கேள்வி பதில்

காசிமேட்டில் மீன் கூடை ஏற்றும் லோடர், பழைய வண்ணாரப்பேட்டையில் துணி மூட்டை இழுக்கும் வண்டி, திருவொற்றியூர் பக்கம் ஓடும் ஆட்டோ என்று பேட்டரி வண்டி வைத்திருப்பவர்களும், அவற்றுக்கு வேலை பார்க்கும் மெக்கானிக்குகளும் திரும்பத் திரும்பக் கேட்பவை இங்கே இருக்கின்றன. எல்லாம் 48, 60 வோல்ட் வண்டிகளுக்குச் சொன்னது. கார், பஸ் பேக்குகளில் 300 வோல்ட்டுக்கு மேல் இருக்கும். இதைப் படித்துவிட்டு அதில் கை வைக்காதீர்கள், உயிர் போய்விடும்.

செல், மாட்யூல், பேக்: மூன்றும் ஒன்றுதானா?

இல்லை. செல் என்பது ஒற்றை உருப்படி. உருளை வடிவில் 18650 (18 மி.மீ. விட்டம், 65 மி.மீ. உயரம்), 21700, 32700 என்று வரும், செங்கல் போல் இருக்கும் அலுமினிய டப்பா வகைக்கு பிரிஸ்மாட்டிக் என்று பெயர். சில செல்களை பஸ்பார் (கரண்ட் கடத்தும் உலோகப் பட்டை) போட்டுச் சேர்த்து, இரு பக்கமும் தகடு கொடுத்து இறுக்கிக் கட்டினால் மாட்யூல். மாட்யூல்களோடு பிஎம்எஸ் (செல்களைக் கண்காணித்து, ஆபத்து என்றால் கட் செய்யும் போர்டு), ஃபியூஸ், கனெக்டர், பெட்டி எல்லாம் சேர்ந்தால் பேக்.

கடைகளில் "மாட்யூலர்" என்று இரண்டு வேறு பொருள்களை விற்கிறார்கள், இதில்தான் குழப்பமே. ஒன்று, பெட்டிக்குள் 25.6 வோல்ட் மாட்யூல் இரண்டைச் சீரிஸில் (ஒன்றின் பிளஸ்ஸை அடுத்ததன் மைனஸ்ஸோடு) போட்டது, பிஎம்எஸ் ஒன்றுதான். மற்றொன்று, தனித்தனி பிஎம்எஸ் உள்ள 51.2 வோல்ட் 30 ஏஎச் (ஆம்பியர் அவர், அதாவது கொள்ளளவு) பெட்டிகள் மூன்று நான்கை வெளியே பேரலலில் (பிளஸ்ஸோடு பிளஸ், மைனஸ்ஸோடு மைனஸ்) சேர்ப்பது. இரண்டுக்கும் விதிகள் வேறு. வாங்கும்போதே எது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்படி வாங்குவதில் என்ன லாபம்?

ஒரு மாட்யூல் போனால் அதை மட்டும் கழற்றலாம். நான்கு பெட்டிகளில் ஒன்று நின்றாலும் மீதி மூன்றில் வண்டி வீடு வந்து சேரும். 30 ஏஎச் பெட்டி சுமார் 14, 15 கிலோதான் என்பதால், ஹவுசிங் போர்டு மூன்றாம் மாடியில் குடியிருப்பவர்கூட கழற்றி எடுத்துப்போக முடியும்.

நஷ்டமும் உண்டு, அதை விற்பவர் சொல்வதில்லை. மாட்யூல் கூடக் கூட இணைப்புகள் கூடும். லக் (வயர் முனையில் மாட்டும் உலோக வளையம்), போல்ட், கனெக்டர் என்று ஒவ்வொன்றும் பழுது வரக்கூடிய இடம். கடலோரத்தில் செல் கெடுவதற்கு முன் இணைப்புதான் கெடும். கீழே உள்ள பல பதில்கள் இந்த ஒரே விஷயத்துக்குத்தான் திரும்பி வரும்.

எல்எஃப்பி வாங்கலாமா, என்எம்சியா?

இரண்டும் லித்தியம் செல் வகைகள். லோடு வண்டிக்கு எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்). செல்லுக்கு 3.2 வோல்ட், முழு சார்ஜில் 3.65. எடை கூடுதல்தான், ஆனால் சூடு தாங்கும், 2000 சைக்கிளுக்கு மேல் உழைக்கும். என்எம்சி (நிக்கல் மாங்கனீஸ் கோபால்ட்) செல்லுக்கு 3.6 அல்லது 3.7 வோல்ட், முழுக்க 4.2. அதே சக்திக்கு எடையும் இடமும் குறைவு, அதனால் ஸ்கூட்டருக்குப் பொருந்தும். ஆனால் கட்டுமீறிச் சூடாகி எரியத் தொடங்கும் வெப்பநிலை அதற்குக் குறைவு. மே மாத வெயிலில் நாள் முழுக்க ஓடும் வண்டியில் அந்த வித்தியாசம் பெரியது.

லெட் ஆசிட் நான்கை எடுத்துவிட்டு லித்தியம் போட எத்தனை ஏஎச் வேண்டும்?

48 வோல்ட் 100 ஏஎச் லெட் ஆசிட் செட்டுக்கு 51.2 வோல்ட் 80 ஏஎச் எல்எஃப்பி தாராளம். லெட் ஆசிட்டில் எழுதியிருக்கும் 100 ஏஎச், மெதுவாக 20 மணி நேரம் இழுத்தால் கிடைப்பது. 30 ஆம்பியர் இழுத்தால் அவ்வளவு வராது; தினமும் முழுக்கக் காலி செய்தால் சில மாதங்களில் சாகவும் செய்யும். பழைய செட் 100 கிலோவுக்கு மேல் இருக்கும், புதியது 40 கிலோவுக்குள் அடங்கும்.

கிலோமீட்டர் கணக்கு எளிது. 100 ஏஎச் பேக் என்றால் 51.2 × 100 = 5,120 வாட் அவர், அதாவது 5 யூனிட்டுக்குச் சற்று மேல். அதில் 90 சதவீதத்தைப் பயன்படுத்துவதாக வைத்தால் சுமார் 4,600. லோடோடு கிலோமீட்டருக்கு 60 வாட் அவர் தின்னும் வண்டி இதில் 76 கிலோமீட்டர் ஓடும். உங்கள் வண்டி எவ்வளவு தின்கிறது என்பதை மீட்டர் வைத்து ஒரு வாரம் பார்த்துவிட்டு பேக் அளவை முடிவு செய்யுங்கள்.

ஒரு எச்சரிக்கை. டேஷில் இருக்கும் பழைய வோல்ட் மீட்டரை நம்ப முடியாது. எல்எஃப்பியின் வோல்ட்டேஜ் 80 சதவீதத்திலிருந்து 20 சதவீதம் இறங்கும் வரை 16 செல்லுக்கும் சேர்த்தே 2 வோல்ட்டுக்குள்தான் குறையும். மீட்டர் "ஃபுல்" காட்டிக்கொண்டே இருந்து திடீரென்று வண்டி நிற்கும். ஷன்ட் (கரண்டை அளக்க வைக்கும் சின்னத் தடை) வைத்து ஆம்பியரைக் கூட்டிக் கழிக்கும் மீட்டர் வேண்டும்.

இரண்டு பேக்கைப் பேரலலில் சேர்க்கும்போது பெரிய பொறி வந்தது. ஏன்?

வோல்ட்டேஜ் சமமாக இல்லை. ஒன்று 53.5, மற்றொன்று 50 என்று வையுங்கள். வித்தியாசம் 3.5 வோல்ட். இரண்டு பேக், வயர், கனெக்டர் எல்லாவற்றின் தடையும் சேர்ந்து 40 மில்லி ஓம் இருந்தால் 3.5 ÷ 0.04 = 87 ஆம்பியர் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பாயும். 30 ஏஎச் பேக்கின் பிஎம்எஸ் சார்ஜில் 15, 20 ஆம்பியர் தாங்கும்படிதான் பெரும்பாலும் இருக்கும். அதன் மாஸ்ஃபெட் (கரண்டைத் திறந்து மூடும் எலக்ட்ரானிக் சுவிட்ச்) ஷார்ட் ஆகிவிட்டால் பேக் வழக்கம்போலவே ஓடும், பாதுகாப்பு மட்டும் இருக்காது. வெளியே எதுவும் தெரியாது என்பதுதான் இதில் பயங்கரம்.

சரியான முறை: ஒவ்வொரு பேக்கையும் தனித்தனியாக முழு சார்ஜ் செய்யுங்கள். ஒரு மணி நேரம் சும்மா விடுங்கள். மல்டிமீட்டரில் அளந்து, வித்தியாசம் 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் மட்டும் சேருங்கள். பாதி சார்ஜில் இருக்கும் எல்எஃப்பியில் வோல்ட்டேஜ் ஒத்துப்போனாலும் சார்ஜ் ஒத்துப்போகிறது என்று அர்த்தமில்லை. அதனால்தான் முழு சார்ஜில் சேர்க்கச் சொல்வது.

சேர்த்த பிறகும் பொறி வந்தால் அது பெரும்பாலும் கன்ட்ரோலர் (மோட்டாருக்குக் கரண்டை அளந்து கொடுக்கும் பெட்டி). அதற்குள் இருக்கும் கெப்பாசிட்டர் காலியாக இருக்கும், ஒரே நொடியில் நிரம்பப் பார்க்கும். அதை மெதுவாக நிரப்பும் ப்ரீசார்ஜ் ரெசிஸ்டர் உள்ள சுவிட்ச் அல்லது ஆன்டி ஸ்பார்க் கனெக்டர் போட்டால் பிளக்கின் முனை கருகாது.

நான்கு பேக்கில் ஒன்று மட்டும் சீக்கிரம் காலியாகிறதே?

வயரைப் பாருங்கள். ஒரு பேக்கிலிருந்து அடுத்ததுக்கு என்று சங்கிலியாகப் போட்டு, பிளஸ், மைனஸ் இரண்டையும் முதல் பேக்கிலிருந்தே எடுத்திருப்பார்கள். கன்ட்ரோலருக்குப் பக்கத்தில் இருக்கும் பேக் தடை குறைவு என்பதால் அதிகம் கொடுக்கும். ஒன்று, நான்கு பேக்குக்கும் ஒரே நீள வயர் எடுத்து ஒரு பஸ்பாரில் சேருங்கள். இல்லையென்றால் பிளஸ்ஸை முதல் பேக்கிலும் மைனஸ்ஸைக் கடைசிப் பேக்கிலும் எடுங்கள். க்ளாம்ப் மீட்டர் வைத்து ஒவ்வொரு வயரையும் ஓட்டத்தில் பார்த்தால் 10 சதவீதத்துக்குள் ஒத்துப்போக வேண்டும்.

24 வோல்ட் பேக் இரண்டைச் சீரிஸில் போட்டு 48 ஆக்கலாமா?

தனித்தனி பிஎம்எஸ் உள்ள பேக் என்றால், தயாரித்தவர் சீரிஸ் போடலாம் என்று எழுதித் தந்தால் மட்டும். இரண்டில் ஒரு பிஎம்எஸ் கட் ஆகும் கணத்தில் மொத்த 50 வோல்ட்டும் அதன் மாஸ்ஃபெட் மேல் வந்து உட்காரும். 30, 40 வோல்ட்டுக்குச் செய்த மாஸ்ஃபெட் அங்கேயே வெடிக்கும். 8 செல் மாட்யூல் இரண்டைச் சேர்த்து 16 செல்லுக்கான ஒரே பிஎம்எஸ் போடுவதுதான் ஒழுங்கு.

சமதரையில் ஓடுகிறது, மேம்பாலம் ஏறினால் கட் ஆகிறது. பேட்டரி போய்விட்டதா?

பேட்டரியை மாற்றும் முன் இதைப் பொறுமையாகப் படியுங்கள். தேவையில்லாமல் நிறைய பேக்குகள் மாற்றப்படுவது இந்த ஒரு புகாருக்குத்தான்.

வண்டி, டிரைவர், லோடு சேர்ந்து 720 கிலோ, வேகம் 15 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். சமதரையில் 48 வோல்ட்டில் ஏறத்தாழ 16 ஆம்பியர் இழுக்கும். மூலக்கடை மேம்பாலத்தில் ஏறும்போது, ஏற்றம் நூறு மீட்டருக்கு நாலு மீட்டர் என்று கணக்குப் போட்டாலே, 50 ஆம்பியர் போகும். மூன்று மடங்கு. ஒரு இணைப்பில் 10 மில்லி ஓம் தடை வந்துவிட்டது என்றால் 16 ஆம்பியரில் அங்கே உண்டாகும் சூடு இரண்டரை வாட், தெரியவே தெரியாது. 50 ஆம்பியரில் அதே இடத்தில் 25 வாட். ஒரு சால்டரிங் அயர்னைப் பேட்டரி போல்ட்டில் கட்டி பிளக்கைப் போட்டதற்குச் சமம். கூடவே அரை வோல்ட் அங்கேயே இறங்கிவிடும்.

அந்த அரை வோல்ட்டைச் செல்லின் குறை என்று பிஎம்எஸ் தப்பாக எடுத்துக்கொள்வதால்தான் கட் ஆகிறது. பிஎம்எஸ்ஸின் சென்ஸ் வயர் (செல் வோல்ட்டேஜை அளக்கும் மெல்லிய வயர்) பஸ்பாரில் பிடித்திருக்கும். இணைப்பு கெட்டிருந்தால் செல்லின் 3.18 வோல்ட்டிலிருந்து அரை வோல்ட் போய் 2.68 என்று படிக்கும். இன்னும் கொஞ்சம் ஏறினால் 2.5 தொடும், கட்.

கண்டுபிடிக்கும் வழி:

1. புளூடூத் உள்ள பிஎம்எஸ் என்றால் ஆப்பைத் திறந்து, டிரைவர் அல்லாத ஒருவர் உட்கார்ந்து, லோடோடு பாலம் ஏறும்போது 16 செல்லின் வோல்ட்டையும் ஸ்கிரீன் ரெக்கார்டு செய்யட்டும். ஸ்டாண்ட் போட்டு டயரைச் சுற்றவிட்டால் லோடு வராது, அதில் ஒன்றும் தெரியாது.

2. மற்ற செல்கள் 3.15, 3.18 என்றிருக்க ஒன்று மட்டும் 2.7 காட்டினால் ஆக்சிலரேட்டரை விடுங்கள். விட்ட கணமே 3.28க்குத் தாவினால் இணைப்புக் கோளாறு. மெதுவாக ஏறினாலோ, சார்ஜ் தீரும் சமயத்தில் மட்டும் இப்படி இறங்கினாலோ செல்லே பலவீனம்.

3. உறுதி செய்ய, அந்தச் செல்லின் போல்ட் தலைக்கும் பஸ்பாருக்கும் நடுவே மில்லிவோல்ட்டில் அளக்க வேண்டும். 50 ஆம்பியரில் 10 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் நல்ல இணைப்பு. 50க்கு மேல் என்றால் கழற்றிச் சுத்தம் செய்தே ஆக வேண்டும்.

கழற்றிய பஸ்பாரின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். நல்லது பளபளவென்று போல்ட்டைச் சுற்றி வட்டமாக அழுந்திய தடத்தோடு இருக்கும். கெட்டதில் அந்த வட்டம் பாதிதான் இருக்கும்; மீதியில் சாம்பல் பூத்த மாதிரி ஒரு படலம், ஓரத்தில் பச்சைக் களிம்பு, பக்கத்து இன்சுலேஷன் ஷீட் டீக்கறை போல் பழுத்திருக்கும். ஸ்காட்ச் பிரைட் போட்டுத் தேய்த்து, ஐபிஏ (ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால்) ஸ்பிரிட்டில் துடைத்து, காய்ந்த உடனே இறுக்குங்கள். எம்6 ஸ்டட் என்றால் பெரும்பாலும் 4 முதல் 6 நியூட்டன் மீட்டர், டார்க் ரெஞ்சு வைத்து. கைக்கணக்கில் இறுக்கினால் அலுமினியப் புரி பிடுங்கிக்கொண்டு வரும், அப்புறம் செல்லையே மாற்ற வேண்டும்.

உப்புக் காற்றுக்கு என்ன செய்வது?

காசிமேடு, ராயபுரம், எண்ணூர் பக்கம் வண்டியை வெளியே நிறுத்துகிறவர்களுக்கு இது முக்கியம். மீன் லோடரில் இன்னும் மோசம். ஐஸ் உருகி உப்பும் மீன் கழிவும் கலந்த தண்ணீர் ஃப்ளோர் வழியாக ஒழுகி நேராகப் பேட்டரிப் பெட்டியின் மேல்தான் விழும்.

சாதாரணச் செம்பு வயரை விட வெள்ளீயம் (டின்) பூசிய செம்பு வயர் போடுங்கள், லக்கும் அதே. வெட்டிய முனையில் லக் க்ரிம்ப் செய்ததும், உள்ளே பசை தடவிய ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போட்டுச் சூடு காட்டுங்கள்; பசை ஓரத்தில் பிதுங்கி வெளியே வந்தால்தான் தண்ணீர் நுழையாது. சாதா ஸ்லீவ் போட்டால் வயருக்குள் ஈரம் ஏறி, வெளியே நன்றாக இருக்கும் வயர் உள்ளே ஒரு சாண் நீளத்துக்குக் கறுத்துப்போயிருக்கும். இறுக்கிய பிறகு போல்ட், லக் மேல் வாசலின் அல்லது டைஎலெக்ட்ரிக் கிரீஸ் மெல்லிசாகத் தடவுங்கள். தடவிவிட்டு இறுக்கக் கூடாது.

சிலிகானில் ஒரு தப்பு அடிக்கடி நடக்கிறது. ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் சிலிகானில் வினிகர் வாடை அடித்தால் அதை எலக்ட்ரிக் பெட்டிக்குப் போடாதீர்கள். அது காயும்போது அசிட்டிக் அமிலம் விடும், மூடிய பெட்டிக்குள் செம்பையும் பிஎம்எஸ் போர்டையும் அதுவே அரித்துவிடும். "நியூட்ரல்" என்று போட்ட சிலிகான் கேளுங்கள்.

காற்று போகட்டும் என்று பெட்டியில் ட்ரில் போட்டு ஓட்டை வைக்கிறார்கள். வேண்டாம். காற்றை விட்டு நீரைத் தடுக்கும் சவ்வு வைத்த வென்ட் பிளக் தனியாகக் கிடைக்கிறது, ஓட்டைக்குப் பதில் அது. உள்ளே வாயு சேர்ந்தால் வெளியேற வழியும் அதுதான், அதனால் அதையும் சிலிகான் போட்டு அடைத்துவிடாதீர்கள்.

பெட்டியைத் தொங்கவிடும் இடத்துக்கு மேலே ஒரு ரப்பர் ஷீட், ஐஸ் தண்ணீர் பக்கவாட்டில் வடியும்படி. இந்தச் சின்ன வேலையைச் செய்பவர்கள் குறைவு.

பிரிஸ்மாட்டிக் செல்லுக்கு நடுவில் ஷீட் வைக்கச் சொல்கிறார்களே, மேலே நீலக் கவர் இருக்கிறதே?

வைத்தே ஆக வேண்டும். அலுமினிய டப்பாவிலும் வோல்ட்டேஜ் இருக்கும், பெரும்பாலும் பிளஸ்ஸை ஒட்டி. குண்டும் குழியுமான ரோட்டில் அதிர்ந்து அதிர்ந்து நீலக் கவர் தேய்ந்து கிழிந்தால் பக்கத்துச் செல்லோடு ஷார்ட். அரை மி.மீ. எப்பாக்சி ஷீட் ஒவ்வொரு செல்லுக்கும் இடையில், அடியிலும் ஒன்று.

ஒரு மாட்யூல் மட்டும் போய்விட்டது. புதிதாக ஒன்று வாங்கிப் போடலாமா?

சீரிஸ் மாட்யூல் என்றால்: போடலாம், ஆனால் பேக் பழசின் அளவுக்குத்தான் ஓடும். பழைய மாட்யூல் 80 ஏஎச்சுக்கு இறங்கியிருந்தால் புது 100 ஏஎச் மாட்யூலும் 80தான் கொடுக்க முடியும். அதே கெமிஸ்ட்ரி, அதே அளவு, முடிந்தால் அதே தயாரிப்பு. சேர்ப்பதற்கு முன் இரண்டையும் தனித்தனியாக, செல் செல்லாகக் கவனித்துக்கொண்டே 29.2 வோல்ட் வரை ஏற்றி, 100 ஏஎச் மாட்யூலில் கரண்ட் 5 ஆம்பியருக்கு இறங்கும் வரை பிடியுங்கள். இதைச் செய்யாமல் கடையில் வந்தபடியே போட்டால், பாதி சார்ஜில் வந்த புதிய மாட்யூல் கடைசி வரை பாதியாகவே பின்தங்கி நிற்கும்.

தனித்தனி பிஎம்எஸ் உள்ள பேரலல் பேக்குகளில் இது இவ்வளவு சிரமமில்லை. புதுசு கொஞ்சம் அதிகம் உழைக்கும், பழசு கொஞ்சம் குறைவாக. எல்எஃப்பியோடு என்எம்சியைப் பேரலலில் போடுவது மட்டும் எந்தக் காலத்திலும் கூடாது.

பிஎம்எஸ் தானாகவே பேலன்ஸ் செய்துவிடாதா?

செல்களுக்கு இடையே சார்ஜில் உள்ள சின்ன வித்தியாசத்தைச் சமன் செய்யும். பேசிவ் பேலன்சர் (கூடுதல் சார்ஜைச் சூடாக்கிக் கழிப்பது) 50 மில்லி ஆம்பியர் அளவில்தான் கழிக்கும். ஒரு செல் 5 ஏஎச் பின்தங்கியிருந்தால் 5 ÷ 0.05 = 100 மணி நேரம். அதுவும் சார்ஜ் உச்சிக்குப் போகும்போது மட்டும்தான் அது வேலை செய்யும். தினமும் 80 சதவீதத்தில் பிளக்கைப் பிடுங்குகிறவர்களின் பேக் மாதக்கணக்கில் பேலன்ஸ் ஆகவே ஆகாது. எல்எஃப்பியை வாரத்துக்கு ஒரு நாள் சார்ஜரில் பச்சை விளக்கு வந்த பிறகும் இரண்டு மூன்று மணி நேரம் விட்டு வையுங்கள். சதவீதம் காட்டும் மீட்டரும் அப்போதுதான் சரிக்கு வரும். என்எம்சிக்கு இந்த அறிவுரை வேண்டாம். அதைத் தினமும் 80, 90 சதவீதத்தில் நிறுத்துவதே நல்லது.

பிளக் பொருந்துகிற சார்ஜரைப் போடலாமா?

பொருந்துவதுதான் ஆபத்து. 16 செல் எல்எஃப்பிக்கு 58.4 வோல்ட், 13 செல் என்எம்சிக்கு 54.6. இரண்டையும் கடையில் "48 வோல்ட் சார்ஜர்" என்றே சொல்வார்கள். முதல் சார்ஜரை இரண்டாவது பேக்கில் போட்டால் செல்லுக்கு 4.49 வோல்ட். பிஎம்எஸ் நல்ல நிலையில் இருந்தால் கட் செய்யும். அதன் மாஸ்ஃபெட் ஏற்கெனவே ஷார்ட் ஆகியிருந்தால் தீதான். லெட் ஆசிட் சார்ஜர் வேண்டவே வேண்டாம், சிலவற்றில் சல்பேட் உடைக்க என்று உயர் வோல்ட்டேஜ் துடிப்பு இருக்கும். சார்ஜர் மேல் பெயின்ட்டில் வோல்ட்டேஜைப் பெரிதாக எழுதி வையுங்கள்.

20 ஆம்பியர் சார்ஜர் 100 ஏஎச் பேக்கை ஏறத்தாழ 5 மணி நேரத்தில் நிரப்பும். வீட்டு லைனில் 6 ஆம்பியர் இழுக்கும். 6 ஆம்பியர் சின்ன பிளக்கில் 5 மணி நேரம் அதைத் தொடர்ந்து இழுத்தால் சாக்கெட் உருகும். 16 ஆம்பியர் சாக்கெட், ஒழுங்கான எர்த், 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) வேண்டும். மின்சாரம் முழு சார்ஜுக்கு 6 யூனிட்டுக்குச் சற்றுக் குறைவாக ஆகும்.

எங்கே வைத்து சார்ஜ் போடுவது?

மாடிப்படிக்குக் கீழே வேண்டாம். ஹவுசிங் போர்டு குடியிருப்புகளில் எல்லோரும் இறங்கி ஓட இருப்பது அந்த ஒரு படிதான். அங்கே புகை கிளம்பினால் மேல் மாடிக்காரர்களுக்கு வழியே இல்லை. ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு அடியில் மதிய நேரத்திலும் வேண்டாம். பேக் 45 டிகிரிக்கு மேல் இருந்தால் சார்ஜ் போடக் கூடாது. ஓட்டிவிட்டு வந்தால் முக்கால் மணி நேரம் ஆறவிடுங்கள். விடியற்காலை மீன் ஏலத்துக்குப் போகும் வண்டிக்கு, முந்தைய மாலை ஆறின பிறகு போட்டு, வீட்டார் விழித்திருக்கும்போதே முடிக்கப் பாருங்கள்.

மழைத் தண்ணீரில் வண்டி நின்றுவிட்டது. காயவைத்து ஓட்டலாமா?

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது போல வியாசர்பாடி, புளியந்தோப்பு, கொருக்குப்பேட்டை தெருக்களில் தண்ணீர் நின்றால் பேட்டரிப் பெட்டி முழுகாமல் இருப்பது அபூர்வம். ஐபி67 என்பது 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் தாங்கும் என்ற சோதனை மட்டுமே. இரண்டு நாள் தேங்கிய தண்ணீருக்கு அது பொருந்தாது. ஒரு முறை திறந்து மூடிய பெட்டிக்கு அதுவும் கிடையாது.

சாவியைப் போடாதீர்கள், சார்ஜ் போடாதீர்கள். தண்ணீர் வடிந்ததும் ரப்பர் கையுறை போட்டு மெயின் கனெக்டரைப் பிரித்து, வண்டியை வீட்டிலிருந்தும் மற்ற வண்டிகளிலிருந்தும் 15 மீட்டர் தள்ளித் திறந்த இடத்தில் நிறுத்துங்கள். உள்ளே போனது கடல் உப்பு கலந்த நீர் என்றால் நாள்கள் கழித்துக்கூடத் தீப்பிடிக்கும்; காய்ந்த உப்பு பிஎம்எஸ் போர்டில் கரண்ட் கசியும் பாதையாகிவிடும். மெக்கானிக் பெட்டியைத் திறந்து ஒவ்வொரு செல்லும் பார்த்து, பிஎம்எஸ்ஸைக் கண்டிப்பாக மாற்றி, சென்ஸ் வயர்களை மாற்றிய பிறகே மறுபடி சார்ஜ். உள்ளே உப்புநீர் நின்ற பேக்கை மறுபடி வண்டியில் ஏற்றாமல் இருப்பதே எங்கள் கருத்து.

புகை வந்தால்?

ஆட்களை வெளியேற்றி 101 அல்லது 112ஐக் கூப்பிடுங்கள். கைக்கு எட்டினால் சார்ஜரின் மெயின் சுவிட்சை அணையுங்கள், பேக்கைத் தூக்க முயலாதீர்கள். அந்தப் புகை நச்சு, எரியவும் செய்யும், எல்எஃப்பியும் விதிவிலக்கல்ல. தீயணைக்கும் பவுடர் மேல் தீயை அடக்கினாலும் செல்லின் உள்சூட்டைத் தணிக்காது. நிறையத் தண்ணீர் தொடர்ந்து ஊற்றினால்தான் அடுத்த செல்லுக்குப் பரவாது. அணைந்த பிறகும் மீண்டும் பற்றலாம்.

ரிச்சி தெருவில் செல் விலை குறைவாகக் கிடைக்கிறது. எப்படிச் சோதிப்பது?

பிரிஸ்மாட்டிக்கில் கியூஆர் கோடு சுரண்டியிருந்தால் விட்டுவிடுங்கள். டெர்மினலில் பழைய வெல்டிங்கை அரைத்த தடம், வயிறு உப்பல் இரண்டும் பழசின் அடையாளம். தராசு நல்ல சாட்சி: 6 ஏஎச் 32700 எல்எஃப்பி 140 கிராம் அளவில் இருக்கும், 18650 என்றால் 45 கிராமுக்கு மேல். ரொம்ப லேசாக இருந்தால் உள்ளே சரக்கு இல்லை. பிறகு முழு சார்ஜ் ஏற்றி, 6 ஏஎச் செல்லை 1.2 ஆம்பியரில் 2.5 வோல்ட் வரை இறக்கி, எத்தனை ஏஎச் வந்தது என்று ஒவ்வொன்றிலும் எழுதுங்கள். மறுபடி ஏற்றி 15 நாள் அலமாரியில் வையுங்கள். மற்றவற்றை விட வோல்ட்டேஜ் இறங்கிய செல்லை ஒதுக்குங்கள், அதுதான் பின்னால் மொத்த பேக்கையும் இழுத்துக்கொண்டு போகும்.

செல்லில் நேராகச் சால்டரிங் செய்யலாமா?

கூடாது. சூடு உள்ளே உள்ள சீலையும் செப்பரேட்டரையும் (பிளஸ், மைனஸைப் பிரிக்கும் படலம்) கெடுக்கும். ஸ்பாட் வெல்டிங், 0.15 அல்லது 0.2 மி.மீ. சுத்த நிக்கல் பட்டை. ஒரு வீணான செல்லில் முதலில் அடித்துப் பார்த்து, பட்டையை பிளையரால் பிடுங்குங்கள்: பட்டை கிழிந்து, வெல்ட் புள்ளி செல்லிலேயே ஒட்டிக்கொண்டிருந்தால் சரி. சுத்தமாக உரிந்து வந்தால் வெல்ட் பிடிக்கவில்லை. நிக்கல் முலாம் பூசிய இரும்பை நிக்கல் என்று விற்கிறார்கள்; அரத்தால் கீறி, உப்புத் தண்ணீரில் ஒரு இரவு போட்டால் காலையில் துரு காட்டிக்கொடுத்துவிடும். இந்த ஊர்க் காற்றில் அந்தப் பட்டை நிற்காது.

வீட்டு எம்சிபியை வண்டியில் போட்டிருக்கிறார்கள். சரியா?

தப்பு. ஏசி நொடிக்கு நூறு முறை பூஜ்யத்தைத் தொடும், அதில் பொறி அணையும். டிசியில் அது நடக்காது. பொறி நீண்டு எம்சிபியே எரியும். டிசிக்கான எம்சிபி, அதில் பிளஸ் மைனஸ் குறி இருந்தால் அதன்படி. கூடவே பேக்குக்கு மிக அருகில் டிசி ஃபியூஸ் ஒன்று.

மீன்பாடி வண்டியில் மோட்டாரும் லித்தியமும் போட்டு ஓட்டலாமா, சட்டம் என்ன சொல்கிறது?

250 வாட்டுக்கும் மணிக்கு 25 கிலோமீட்டருக்கும் உட்பட்டு, அங்கீகாரம் பெற்ற வண்டிக்குத்தான் பதிவில் விலக்கு உண்டு. பழைய வண்டியை எலக்ட்ரிக் ஆக்க, ஏஆர்ஏஐ, ஐகேட் போன்ற சோதனை நிறுவனங்களின் ஒப்புதல் பெற்ற கிட் போட்டு ஆர்டிஓவில் பதிய வேண்டும். பட்டறையில் கட்டிய வண்டிக்கு அந்தக் காகிதம் இருக்காது. இரு சக்கர, மூன்று சக்கர வண்டிகளின் பேட்டரிக்கு ஏஐஎஸ் 156 என்ற தரநிலை இருக்கிறது. 2022 டிசம்பரிலிருந்து இரண்டு கட்டமாக அது கடுமையாக்கப்பட்டது. பேக் வாங்கும்போது அந்தச் சான்றிதழின் நகலைக் கேளுங்கள், விபத்து நேர்ந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் கேட்பது அதைத்தான்.

இந்த வேலைக்குக் குறைந்தபட்சம் என்ன கருவி வேண்டும்?

மில்லிவோல்ட் படிக்கும் மல்டிமீட்டர், டிசி க்ளாம்ப் மீட்டர் (ஏசி மட்டும் படிப்பது உதவாது), சின்ன டார்க் ரெஞ்சு, ஹைட்ராலிக் க்ரிம்பர், டேப் சுற்றிய ஸ்பேனர்கள். மோதிரம், கைக்காப்பு, செயின் எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டு உட்காருங்கள். 48 வோல்ட் ஷாக் அடிக்காது என்று அலட்சியம் செய்பவர்களின் விரலைச் சுடுவது அந்த மோதிரம்தான்.

செத்த பேக்கைக் காயலான் கடையில் போடலாமா?

போடாதீர்கள். அங்கே சம்மட்டியால் உடைப்பார்கள், "செத்த" பேக்கிலும் 40 வோல்ட் மிச்சம் இருக்கும். 2022ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, பழைய பேட்டரியைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்புவது தயாரிப்பாளரின் பொறுப்பு. வாங்கிய கடையில் பில்லோடு திருப்பிக் கேளுங்கள். கொடுக்கும் வரை கனெக்டர் முனைகளை டேப் சுற்றி, செங்கல் மேல் நிழலில், மழை படாத இடத்தில், மற்ற சாமான்களோடு சேர்க்காமல் தனியாக வையுங்கள்.